ஐஸ் பெட்டியும் யாரோ ஒருத்தியின் மிக்ஸியும்

என் மாமியார் எழுபது வயதைத் தாண்டியும் ஒரு சர்வீஸும் இல்லாமல் ஓடியவர். ஆஸ்பத்திரிப் படி ஏறியது இரண்டு பிரசவங்களுக்கு மட்டும்தான். அவரைக் கடைசியாகப் படுக்க வைத்த குளிர்ப்பெட்டி ஒரே ஒரு ராத்திரி ஓடிவிட்டு, மறுநாள் நாஷ்டா நேரத்துக்கு நின்றுபோனது. அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பெட்டிக்கு முன்னால் மிக்ஸியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எண்ணூர் போகிற வழியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. நாள் முழுக்க இரும்புப் பெட்டிகளோடு இருக்கலாம், அவை திருப்பிப் பேசாது. மனிதர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. இறங்க வேண்டிய இடம் வந்தாலும் கண்டக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு, வேறு யாராவது நிறுத்தச் சொல்லும் இடத்தில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். மாமியார் காசிமேட்டில் மீன் விற்றவர். அலைச் சத்தம், ஏலச் சத்தம், போட் எஞ்சின் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிற மாதிரி வளர்ந்த குரல். எங்கள் கல்யாணம் முடிந்த புதிதில் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஊருக்குச் சொன்னார்:

"மாப்ள சாதுன்னாங்க. இம்மாம் சாதுன்னு எவனும் சொல்லல."

எங்கள் வீடு ராயபுரத்தில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. இந்தத் தூரத்தில் எந்தப் பொருளுக்கும் நிம்மதி கிடையாது. உப்புக் காற்று பீரோ கீலைத் தின்னும், கேஸ் அடுப்பின் காலைத் தின்னும், ஃபேன் இறக்கையில் அம்மைத் தழும்பு போடும். அதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான். முன்பு வந்த பொருள்கள் துருப் பிடித்துக்கொண்டே ஓடின. இப்போது வருகிறவை துருப் பிடிக்கவே நேரம் கொடுப்பதில்லை. பளபளப்பு குறையாமல், ஸ்டிக்கர் கூட உரியாமல், வாலிபத்திலேயே உயிரை விடுகின்றன. எமர்ஜென்சி விளக்கு எமர்ஜென்சி வராதபோது நன்றாக எரியும். அயர்ன் பாக்ஸ் கல்யாணத்துக்குக் கிளம்பும் காலையில் ஜில்லென்று இருக்கும்.

மாமியாருக்கு இதைப் பற்றி ஒரு முடிவான கருத்து இருந்தது. "அதுங்குள்ள காலண்டர் வெச்சி அனுப்பறான்" என்பார். நாங்கள் சிரிப்போம்.

அவரிடம் ஒரு பழைய மிக்ஸி இருந்தது. மீன் விற்ற காசில் வாங்கியது. சுவிட்சைப் போட்டால் அது மேடையில் தானாக நடக்கும். ஒரு கையால் மூடியையும் இன்னொரு கையால் அதன் கழுத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். தெருவில் யார் வீட்டில் சாம்பார், யார் வீட்டில் மீன் குழம்பு என்று தெரிகிறதோ இல்லையோ, எங்கள் வீட்டில் சட்னி என்பது ரயில்வே ஸ்டேஷன் வரை தெரியும். என் மனைவிதான் அந்தச் சத்தம் பொறுக்காமல் வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் எக்சேஞ்ச் ஆஃபர் என்று கேள்விப்பட்டு, அம்மாவை நச்சரித்து, அதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க வைத்தாள். தூக்கிப் போக நான்.

புது மிக்ஸி லிப்ஸ்டிக் நிறத்தில் இருந்தது. இடது கையின் இரண்டு விரலால் தூக்கலாம். மாமியார் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள எதுனா கீதா, காலியா?" என்று கேட்டார். கடைக்காரப் பையன் சிரித்தான். அது சத்தமில்லாமல் நன்றாகத்தான் அரைத்தது. பிறகு ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றது.

இரண்டு நாள் கழித்து மாமியார் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்கு வராமல், மீன் கூடையோடு நேராக அந்தக் கடைக்கு வந்துவிட்டார். நான் மிக்ஸியோடு வெளியே காத்திருந்தேன். உள்ளே ஏசி. மாமியார் கூடையைக் கண்ணாடி மேஜை மேல் வைக்கப் போனார். அந்தப் பையன் ஓடி வந்து தரையில் வைக்கச் சொன்னான்.

"எத்தினி வர்ஷம் வாரண்டின்ன?"

"ரெண்டு வருஷம்மா."

"எப்ப முடிஞ்சிது?"

பையன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். "போன வாரம்மா."

"இது முந்தாநேத்து நின்னுச்சி. எனுக்கே இன்னிக்கி இன்னா கெயமைன்னு தெரியாது. இதுக்கு எப்டிடா தேதி தெரிஞ்சிது?"

பையன் மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அதைத் திறக்க முடியாதாம். திறக்க வேண்டுமென்றால் உடைக்க வேண்டுமாம். உடைத்தாலும் அந்த மாடலை கம்பெனி நிறுத்திவிட்டதால் பார்ட்ஸ் வராதாம். கடைசியாக, "எந்த ஏரியாம்மா நீங்க?" என்று கேட்டான்.

"ராயபுரம்."

"அதான். உப்புக் காத்து. அதுக்கு வாரண்டியிலயே கவர் ஆகாதும்மா."

"கடல நானாடா இட்டாந்து வெச்சேன்? அது எனுக்கு முன்னாடியே அங்க கீது."

அவன் கொஞ்சம் பின்வாங்கி, வழக்கமாக அவர்கள் போகும் வழிக்கே வந்தான். "புதுசு பாருங்கம்மா. எக்சேஞ்ச் போயிட்டிருக்கு."

"எக்சேஞ்சுன்னா இன்னா?"

"பழசக் குடுத்தா புதுசு எடுத்துக்கலாம்."

"அப்ப புதுசக் குடுத்தா பழசு. தோ, புதுசு. என் பழச எட்தா."

அப்படி ஒரு ஆஃபர் கிடையாது என்று அவன் சொன்னான். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஃப்ரிட்ஜ் வரிசைக்கு முன்னால் தரையில் குந்திவிட்டார். பக்கத்தில் கூடை. கூடையில் விற்காமல் மிஞ்சிய நெத்திலி. அதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மிச்ச வேலையை ஏசி பார்த்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் டிவி பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்கள். ஒரு குடும்பம் பில் போடும் இடத்திலிருந்தே திரும்பிப் போனது. நான் ஒரு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நின்று, அதில் ஒட்டியிருந்த நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எவ்வளவு எண்ணினாலும் ஐந்துதான் இருந்தது.

மேனேஜர் கடைசியில் குடோனுக்கு ஆள் அனுப்பினார். எங்கள் மிக்ஸி எப்போதோ போய்விட்டது. வேறு யார் யாருடைய பழைய மிக்ஸிகளோ வந்தன. மாமியார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, எது கையை இழுத்ததோ அதை எடுத்துக்கொண்டார். அதன் நெற்றியில் யாரோ ஒருத்தி ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் அழியாமல் இருந்தன. கழுத்தில் மஞ்சள் கயிறு. மாதா படம் மாட்டிய எங்கள் சமையலறைக்கு அது அப்படியே குடிவந்தது. என் மனைவி பொட்டைத் துடைக்கப் போனபோது மாமியார் தடுத்தார்.

"தொடைக்காத. அது சாமி கும்பிட்ட மிக்ஸி. அதான் ஓடுது."

இன்றும் ஓடுகிறது. அதுவும் நடக்கும்.

போன் விஷயத்தில் மட்டும் அவர் தோற்றார். என் மனைவியின் தங்கை மஸ்கட்டில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அவள் அனுப்பிய போனில்தான் அம்மாவும் மகளும் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். ஒரு நாள் அந்த வீடியோ கால் வேலை செய்யவில்லை. இந்த போனில் இனி அந்த ஆப் ஓடாது, புது போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி மட்டும் வந்தது. போனில் கீறல் இல்லை, உடைசல் இல்லை, சார்ஜ் நன்றாக நின்றது. மணி காட்டியது, பாட்டுப் பாடியது. மகள் முகத்தை மட்டும் காட்ட மறுத்தது.

"நல்லாத்தான கீது? இதுக்கு இன்னா நோவு?" என்று மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மனைவி தன் போனிலிருந்து பேசச் சொன்னாள். "எவ போன்லயோ என் மூஞ்சக் காட்ட மாட்டேன். இது சரியாவட்டும், அப்பால பேசறேன்" என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அது சரியாகிற ஜாதி இல்லை என்று நாங்கள் சொன்னால் கேட்கவில்லை. தங்கை குரலை மட்டும் கேட்டுக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டினாள். "லீவு கேட்டுகினு கீறேன்க்கா. வந்து அம்மாவ நேர்ல பாத்துக்கறேன்" என்பாள்.

லீவு கிடைப்பதற்கு முன் மாமியார் போய்விட்டார். ஒரு சாயங்காலம் மாதா கோயிலிலிருந்து வந்தார், டீ கேட்டார், டீ வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டார். எந்த எச்சரிக்கையும் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரும் புது மாடல் மாதிரி நடந்துகொண்டார்.

மஸ்கட்டுக்குச் செய்தி போனது. தங்கை போனில் அழவில்லை. "நா வர்ற வரிக்கும் மூட மாட்டீங்கள்ல? ஒருவாட்டி மூஞ்சி பாக்கணும்க்கா" என்று மட்டும் கேட்டாளாம். மறுநாள் மதியத்துக்கு மேல் விமானம் இறங்கும், வீடு வந்து சேர நாலு மணி ஆகும். அடக்கப் பூசை ஐந்து மணிக்கு என்று சாமியாரிடம் பேசி வைத்தார்கள். கத்திரி வெயில் காலம். அதனால்தான் குளிர்ப்பெட்டி.

பெட்டியை வாடகைக்கு விடுகிறவர் எங்கள் பக்கத்து ஆள்தான். எல்லா மதத்துக்கும் பொதுவானவர். பழைய பெட்டியை எனக்குத் தெரியும். நாலு பேர் மூச்சுப் பிடித்துத் தூக்க வேண்டும். அவர் இப்போது கொண்டுவந்தது கண்ணாடிப் பெட்டி, இரண்டு பேர் தூக்கினார்கள். உள்ளே நீல விளக்கு வரிசையாக எரிந்தது, மீன் தொட்டி மாதிரி. கால்மாட்டில் சின்ன ஸ்பீக்கர்.

"கிறிஸ்டின் பாட்டு தனியா கீது பிரதர். போடட்டா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையை எப்படி ஆட்டினேனோ, அவர் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை, துக்கத்துக்கு வந்தவர்களுக்கு யாரோ இட்லி வாங்கி வந்திருந்தார்கள். பெட்டியின் கண்ணாடியில் உள்பக்கம் படிந்திருந்த பனி தண்ணீராக இறங்க ஆரம்பித்ததை என் மனைவிதான் முதலில் பார்த்தாள். விளக்கு எரிந்தது. பாட்டு பாடியது. குளிர் மட்டும் இல்லை. பக்கவாட்டில் சின்னத் திரையில் ஏதோ ஒரு எழுத்தும் எண்ணும் மினுக் மினுக்கென்று வந்து போயின.

பெட்டிக்காரர் வந்து பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். பாட்டு இன்னும் சத்தமாகக் கேட்டது.

"இது லாக் ஆயிக்கினு கீது பிரதர். கம்பெனிக்காரன் சொன்னாத்தான் தொறக்கும்" என்றார். கம்பெனிக்குப் பேச எடுத்த அவருடைய போன், சார்ஜர் ஒயரில் மாட்டியிருந்தால் மட்டும் உயிரோடு இருக்கிற ஜாதி. ஒயரும் பெட்டியும் தள்ளித் தள்ளி இருந்தன. பக்கத்தில் சும்மா நின்றவன் நான். என் போனிலிருந்து அடித்தார். ஒன்றை அழுத்தச் சொன்னது, இரண்டை அழுத்தச் சொன்னது, எங்கள் அழைப்பு அவர்களுக்கு ரொம்ப முக்கியம் என்றது. பிறகு ஒரு பெண் பேசினாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த மாடல் நிறுத்திட்டோம் சார். போர்டு ஸ்டாக் இல்ல. கம்ப்ளெயின்ட் எடுத்துக்கறேன், ரெண்டு வேலை நாள்ல டெக்னீஷியன் வந்து பார்ப்பார்."

"ரெண்டு நாளா? அதுவரிக்கும் உள்ள கீறது இன்னாம்மா ஆவறது?" என்றார் பெட்டிக்காரர்.

"உள்ள இருக்கிற பொருளை வேற ஃப்ரிட்ஜுக்கு மாத்தி வெச்சுக்குங்க சார்."

துக்க வீட்டில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்கள். அழத்தான் போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டிக்காரர் போனை என் கையில் திணித்தார். அதற்குள் அந்தப் பெண், "யூஸ் பண்றவங்க பேர் சொல்லுங்க சார்" என்றாள். அறிமுகமில்லாதவர்கள் திடீரென்று கேட்டால் எனக்குப் பொய்யும் வராது, யோசனையும் வராது. உண்மையில் அப்போது அதை யூஸ் பண்ணிக்கொண்டிருந்தது யாரோ, அவர் பெயரைச் சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டு வைத்துவிட்டாள்.

வேறு பெட்டி கேட்டோம். வெயில் காலம், எல்லாப் பெட்டியிலும் ஆள் இருந்தது. திருவொற்றியூர் பக்கம் ஒன்று காலியாகிறது என்று அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வண்டியின் டிரைவர் கூப்பிட்டு, "டிரெய்லர் லைன் கட்டி நிக்குது பிரதர். முன்னாடியும் கன்டெய்னர், பின்னாடியும் கன்டெய்னர். எறங்கி நின்னு டீ குட்சிகினு கீறேன்" என்றான். அந்த வரிசை எனக்குத் தெரியும். டீக்குப் பிறகு அவன் மதியச் சாப்பாடும் அங்கேயே சாப்பிடுவான்.

பெட்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "இது வந்ததும் பழைய பொட்டிய காயலான் கடைல போட்டேன் பிரதர். இத்தப் பாத்து, லைட்டுல்லாம் எரியுதேன்னு மயங்கிட்டேன்." அவரைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை. எங்களை மாதிரியே வாங்கி ஏமாந்தவர்.

சிலர் காலையிலேயே அடக்கம் செய்துவிடலாம் என்று மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். என் மனைவி எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"யோவ், அவ ஃபிளைட்டு ஏறிட்டாய்யா. மாசக்கணக்கா அம்மா மூஞ்சப் பாக்கலய்யா அவ. எவன் கிட்டயாவது போயி வாயத் தொறந்து ஏதாச்சும் கேளுய்யா!"

கேட்கத் தெரிந்த ஒரே ஆள் பெட்டிக்குள் படுத்திருந்தார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் காசிமேட்டுக்கு ஓடினேன்.

மீன் வரிசையில் மாமியார் உட்காரும் இடம் அன்று காலியாக இருந்தது. இரண்டு பக்கமும் அவருடைய கூட்டாளிகள். முந்தின ராத்திரி வந்து பார்த்துவிட்டு, மதியம் மறுபடி வருவதாகச் சொல்லியிருந்தவர்கள். நான் அவர்கள் முன்னால் போய் நின்றேன். மூச்சு வாங்கியது. வாயைத் திறந்து திறந்து மூடினேன். இறால் உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா மருமவனே, தொண்டைல முள்ளு மாட்டிகிச்சா?"

"அத்தைக்கு... ஐஸ்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்த அம்மா இறாலைக் கூடையில் போட்டார். "பொட்டி பூட்ச்சா? நேத்தே நென்ச்சேன், அத்தப் பாத்தா ஐஸ்கிரீம் வண்டி மாரி கீதேன்னு. ஏய், எந்திரிங்கடி!"

ஐஸ் கட்டிகளை மெஷினில் போட்டு நொறுக்கி, மீன் பெட்டிகளில் அள்ளி, மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். வண்டியில் ஐஸுக்கு மேல் நான்கு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் ஐஸ் தண்ணீர் ஒழுகியது.

வீட்டுக்குள் நுழைந்ததும் இறால் அம்மா செய்த முதல் வேலை, பெட்டியின் ஒயரைப் பிடுங்கியதுதான். நீல விளக்கு அணைந்தது. பாட்டும் நின்றது. "ராத்திரி பூரா பாட்டு போட்டா மனுசி எப்டி தூங்குவா?" என்றார். பிறகு கண்ணாடி மூடியைத் திறந்து, மாமியாரின் முகத்தின் மேல் குனிந்து, கட்டை விரலால் ஒரு கண்ணின் இமையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். மீன் வாங்கும்போது அப்படித்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு மார்க்கெட்டில் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"ஒண்ணியும் ஆவல. ராத்திரி வரிக்கும் தாங்கும்."

யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. என் மனைவி அதற்குப் பிறகுதான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அடியில் கோணி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் ஐஸ், மறுபடி கோணி என்று அவர்கள் கை தானாக வேலை செய்தது. தண்ணீர் கால் பக்கம் இறங்குகிற மாதிரி தலைமாட்டில் செங்கல் வைத்து உயர்த்தினார்கள். பெட்டிக்காரர் எழுந்து வந்து தாளைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, இன்னொரு அம்மா இடுப்புப் பையிலிருந்து இரண்டு கை கல்லுப்பு எடுத்து ஐஸ் மேல் விசிறிவிட்டார். பழக்கம். பெட்டியில் மீன் அடுக்கினால் ஐஸ், ஐஸுக்கு மேல் உப்பு.

"எம்மா, இன்னா பண்ற? எங்கம்மா இன்னா வஞ்சரமா?" என்று என் மனைவி கத்தினாள்.

"உப்பு போட்டாத்தான்டி குளிர நல்லா இழுக்கும்!"

"எத்த இழுக்கும்? தோ, தண்ணியா ஓடுது பாரு!"

உப்பு பட்ட இடத்தில் ஐஸ் மளமளவென்று கரைந்து வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடியது. நொறுக்கும் மெஷினிலும் மீன் பெட்டியிலும் இருந்த வாசனையெல்லாம் அந்தத் தண்ணீரில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருப் பூனைகள் எல்லாம் வந்துவிட்டன. அடுத்த தெருப் பூனைகளும் வந்தன. துக்கத்துக்கு வந்தவர்களைவிட ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்து வீட்டுக்குள் பார்த்தன. அவற்றுக்கு மாமியாரைத் தெரியும். தினமும் மீன் தலை போடுகிறவர். உப்பு போட்ட அம்மாவே விளக்குமாற்றை எடுத்துப் பூனைகளை விரட்டப் போய், விரட்டாமல் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

உப்புப் பட்ட ஐஸை அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி அடுக்கினார்கள். வண்டி காசிமேட்டுக்கும் வீட்டுக்குமாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் நானே போனேன். இரண்டாம் தடவை போனபோது ஐஸ்காரரிடம் நானே கேட்டேன். அதுவும் முழு வாக்கியமாக.

தங்கை வரும்போது வெயில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சக்கரம் வைத்த பெட்டியை ஈரத் தரையில் இழுத்துக்கொண்டே வந்தாள். வாசலில் பூனைகளையும் மீன் பெட்டிகளையும் கோணிகளையும் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா முகம் கெட்டுப்போயிருக்குமோ என்று பயந்துவிட்டாள், எனக்குத் தெரிந்தது. என் மனைவி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். இறால் அம்மா முகத்தைச் சுற்றி இருந்த ஐஸைக் கையால் ஒதுக்கிவிட்டார். முகம் தெளிவாக இருந்தது. வழக்கமான கோபத்தோடும் இருந்தது.

தங்கை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டாள். சின்ன வயதில், மாமியார் மதியம் மார்க்கெட்டிலிருந்து வந்ததும், அக்காவும் தங்கையும் "கலீஜா கீற, குளிச்சிட்டு வா" என்று அவரைக் கிட்டே சேர்க்க மாட்டார்களாம். என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். தங்கை முகத்தை எடுக்காமலேயே சொன்னாள்:

"இன்னாக்கா, மார்க்கெட்லந்து இப்பத்தான் வந்தா மாரி கீது?"

அதற்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து அழுதார்கள். அந்த நீல விளக்குப் பெட்டி ஒழுங்காக ஓடியிருந்தால் மாமியாரிடம் சென்ட் வாசனையும் பிளாஸ்டிக் வாசனையும்தான் இருந்திருக்கும். இதற்காக அந்தக் கம்பெனிக்கு நான் நன்றி சொல்லப் போவதில்லை.

பூசைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். திருவொற்றியூர்ப் பெட்டி நாங்கள் கல்லறையிலிருந்து திரும்பும்போது வந்து சேர்ந்தது. டிரைவர் எங்களைப் பார்த்துவிட்டு, "லேட்டா பிரதர்?" என்று கேட்டான்.

தங்கை அம்மாவுக்கென்று ஒரு புது போன் வாங்கி வந்திருந்தாள். அதில் அந்த ஆப் ஓடும். என் சிம்மைப் போட்டு இப்போது நான் வைத்திருக்கிறேன். சார்ஜ் மத்தியானம் வரை நிற்கிறது.

அவள் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போன பிறகு, ஒரு காலை அந்த போனில் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்த்துவைக்கப்பட்டது என்று. பெட்டிக்காரரைக் கேட்டேன். எவனும் வரவில்லை என்றார். பெட்டி அவர் வீட்டு மாடியில் இருக்கிறதாம். பேரப்பிள்ளைகள் பாட்டுக் கேட்கிறார்களாம்.

அடுத்து கால் வந்தது. நான் சமையலறை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே என் மனைவி சட்னிக்குத் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். போனில் ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையான குரல். என் மாமியாரின் பெயரை முழுசாக, ஞானஸ்நானத்தில் சாமியார் சொன்ன மாதிரி சொன்னாள்.

"அவங்ககிட்ட பேசலாமா சார்? எங்க சர்வீஸ் அவங்களுக்குத் திருப்தியா இருந்துச்சான்னு ஒரு நிமிஷம் கேட்டுக்கறோம்."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா? யூஸ் பண்ணவங்கதான் சார் பதில் சொல்லணும். ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க் சொன்னாப் போதும். இப்ப அவங்க மாடலுக்கு எக்சேஞ்ச் ஆஃபரும் இருக்கு."

சொல்ல எனக்கு நிறைய இருந்தது. வாய் வரை வந்தது. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. அந்த நேரத்தில் என் மனைவி தேங்காயைப் போட்டு, மூடியை ஒரு கையால் அழுத்தி, சுவிட்சைத் தட்டினாள். யாரோ ஒருத்தியின் மிக்ஸி, நெற்றியில் பொட்டோடு, உறுமிக்கொண்டு மேடையில் நடக்க ஆரம்பித்தது. நான் இரண்டு எட்டு வைத்து உள்ளே போய், போனை அதன் பக்கத்தில் பிடித்தேன். "இன்னாய்யா பண்ற?" என்றாள் மனைவி. நான் பேசாமல் இரு என்று சைகை காட்டினேன். தேங்காய் நைசாகும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

மிக்ஸி நின்றதும் போனைக் காதில் வைத்தேன். அந்தப் பெண் இன்னும் லைனில் இருந்தாள். குரல் இறங்கியிருந்தது.

"மேடம் ரொம்பக் கோவமா இருக்காங்க போல சார். நான் அப்புறம் கூப்பிடறேன்."

அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.